புது வகைச் செஸ்: வெற்றி விதி வேலை செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புது வகைச் செஸ் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "விளையாடிப் பாத்தம், நல்லாப் போகுது." நல்லாப் போவது வேறு, வெற்றி விதி வேலை செய்வது வேறு. இரண்டு பேரும் வெல்ல வேண்டும் என்று ஆடினால் இருவருமே விதி எழுதியவர் மனதில் வைத்திருந்த பாதையில்தான் போவார்கள், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவே தெரியாது. ஒருவர் வெல்ல ஆட வேண்டும், மற்றவர் ஆட்டத்தைக் கெடுக்க ஆட வேண்டும். அதோடு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பரிசோதிக்கக் கூடாது, முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கீழே எழுதியிருக்கிற எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

உதாரணத்துக்கு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்துப் பெடியன்கள் ஆடுகிற வாவிச் செஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். எல்லாக் காய்களும் வழக்கமான செஸ் மாதிரித்தான் நகரும். 4ஆம், 5ஆம் வரிசைகள் வாவி. ராஜாவால் வாவியில் இறங்க முடியாது, பாலத்தால்தான் போக வேண்டும். டி4, இ4, டி5, இ5 நாலு கட்டமும்தான் பாலம் (எழுத்து நிரலைக் காட்டும், வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை; எண் வரிசையைக் காட்டும், வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை). மற்றக் காய்களுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் ராஜா எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால் நீங்கள் வென்றீர்கள், செக்மேட் செய்தாலும் வென்றீர்கள். சீ.ஆர். கொப்பித் தாளில் அரைப் பக்கம் வரும், அவ்வளவுதான் விதி. போர்டில் நாலு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டியிருப்பார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. ஆட்டங்களைக் குறித்து வைக்கிற கொப்பியில் "யார் வென்றது" என்ற நிரலுக்குப் பக்கத்தில் "எதனால் முடிந்தது" என்று இன்னொரு நிரல் போடுங்கள்: செக்மேட், கரை சேர்ந்தது, சமநிலை, விலகியது, சண்டை பிடித்து நிறுத்தியது (இதையும் எழுதுங்கள், இதுதான் ஆக முக்கியமான தகவல்). இந்த நிரல் இல்லாமல் கீழே உள்ள பாதி அறிகுறிகளைக் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது

இதுதான் அடிக்கடி வருவது, இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காய்கள் குறைந்துவிட்டன, இருவரும் அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், யாரோ ஒருவர் "சரி, ட்ரோ" என்று கை கொடுக்கிறார்.

முதல் பரிசோதனை: எல்லாக் காய்களையும் எடுத்துவிட்டு ராஜாக்களை மட்டும் வையுங்கள். சாதாரணச் செஸ்ஸில் இது உடனே சமநிலை, பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் ராஜா ஓரிடத்துக்குப் போனால் வெற்றி என்கிற வகையில் இதுதான் விதியின் எலும்புக்கூடு. வாவிச் செஸ்ஸில் வெள்ளை ராஜாவை டி4-இலும் கறுப்பு ராஜாவை டி6-இலும் வைத்துக் கறுப்பை நகர்த்தச் சொல்லுங்கள். கறுப்பு இ6-க்குப் போகும். அங்கிருந்தும் டி5, இ5 இரண்டையும் அதுவே பார்த்துக்கொண்டிருக்கும், ஆகவே வெள்ளை முன்னே காலடி வைக்க முடியாது. வெள்ளை இ4-க்கு வந்தால் கறுப்பு திரும்ப டி6. வெள்ளை டி4, கறுப்பு இ6. விடியும்வரை ஆடலாம். பாலம் இரண்டு கட்டம் அகலம், ஒரு ராஜா தனக்கு முன்னால் மூன்று கட்டத்தைக் காக்கும், ஆகவே காவலுக்கு நிற்கிற ராஜாவுக்கு எப்போதும் ஒரு கட்டம் மிச்சம் இருக்கும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் காவல் விடாது. அதாவது பிழை ஆடுகிறவர்களிடம் இல்லை, பாலத்தின் அகலத்தில் இருக்கிறது.

அதே நிலையில் பாலத்தை மூன்று கட்டமாக்கிப் பாருங்கள், சி நிரலையும் சேர்த்து. இப்போது கறுப்பு டி6-இல் நின்றால் சி5, டி5, இ5 மூன்றையும் காக்கிறது, ஆனால் நகர வேண்டிய முறை கறுப்புடையது. சி6-க்குப் போனால் இ5 திறக்கும், இ6-க்குப் போனால் சி5 திறக்கும், பின்னால் போனால் வெள்ளை ஒரு வரிசை ஏறும். சிப்பாய் முடிவாட்டத்தில் ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கிற ஒப்பொசிஷன் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நகர வேண்டிய கட்டாயமே தண்டனையாகிறது. ஒரு நிரல் அகலம் கூடியதும் செத்துக் கிடந்த விதிக்கு உயிர் வந்துவிட்டது. ஓரிடத்தை அடைந்தால் வெற்றி என்கிற எந்த வகையிலும் இதைச் செய்யலாம்: காவலுக்கு நிற்கிற காய் எத்தனை கட்டத்தை மூடுகிறது, வாசல் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். வாசல் சிறியதாக இருந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

இரண்டாவது பரிசோதனை, ஆளுக்கொரு கோட்டை. கறுப்புக் கோட்டை ஏ5-இல் நின்றால் டி5, இ5 இரண்டுமே பூட்டு. அதை விரட்டினால் எச்5-க்குப் போய் நிற்கும், பூட்டு அப்படியே. வெள்ளையிடம் இடையில் வைக்க ஒரு காய் இருந்தால் கதை வேறு, இல்லையென்றால் ராஜா இக்கரையிலேயே இருக்க வேண்டியதுதான். இதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கோட்டைகள் இருக்கும்போது பாலம் மூடியிருக்கிறது, கோட்டையை மாற்றிக்கொண்டால் (ஒருவர் கோட்டையை மற்றவர் வெட்டிக்கொண்டால்) திறக்கிறது என்றால் அது நல்ல விளையாட்டு, யார் மாற்ற விரும்புகிறார்கள் என்பதே போராட்டமாகிறது. இரண்டு பேருக்குமே மாற்ற விருப்பம் இல்லை என்று கொப்பி காட்டினால்தான் பிழை.

மூன்றாவது, சாதாரணச் செஸ்ஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சமநிலை விதிகள். ராஜாவும் ஒரு குதிரையும் எதிர் ராஜா மட்டும் என்றால் செக்மேட் செய்யவே முடியாது, அதனால் சமநிலை என்று எல்லாருக்கும் பழக்கம். வாவிச் செஸ்ஸில் இது பொய். வெள்ளை ராஜா டி4, குதிரை எஃப்4, கறுப்பு ராஜா டி6, கறுப்பு நகர வேண்டும் என்று வையுங்கள். இ6-ஐக் குதிரை பார்க்கிறது, அங்கே போக முடியாது. சி6-க்குப் போனால் இ5 திறந்துவிடும், பின்னால் போனால் பாலமே போச்சு. ஒரேயொரு குதிரையால் பாலம் திறக்கிறது! இந்த இடத்தில் ஒருவர் பழக்கதோஷத்தில் "காய் காணாது, ட்ரோ" என்று சொல்லி வென்ற ஆட்டத்தைக் கைவிட்டால் விதித்தாளில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். ராஜாவை நடு நாலு கட்டத்தில் ஒன்றுக்குக் கொண்டுபோனால் வெற்றி என்கிற கிங் ஆஃப் த ஹில் வகையிலும் இதே நிலைதான், அங்கேயும் செக்மேட்டுக்குக் காய் போதாது என்பதை வைத்துச் சமநிலை சொல்ல முடியாது. பழைய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து இது இங்கே இன்னும் பொருந்துமா என்று கேளுங்கள்: காய் போதாமை, 50 நகர்வு விதி (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்வு போனால் சமநிலை), ஒரே நிலை மூன்று முறை வருதல், நகர வழியில்லாமை. "மற்றதெல்லாம் சாதாரணச் செஸ்தான்" என்று ஒற்றை வரியில் முடித்த தாள்களில்தான் ஆக அதிகமான பிழைகள் ஒளிந்திருக்கும்.

நீக்கும் வழி என்று பார்த்தால், வாசலை அகலமாக்குவதுதான் என் முதல் தெரிவு. 50 நகர்வு விதியை 30 ஆக்குவது ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்குமே தவிர வெற்றியைக் கொண்டுவராது, சமநிலையைத்தான் வேகமாக்கும். "மூன்றாம் முறை அதே நிலையைக் கொண்டுவந்தவர் தோற்றார்" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன ராஜா ஆட்டத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், அந்த மூன்றாவது முறை யார் கையில் விழுகிறது என்பது வெறும் எண்ணிக்கை விளையாட்டாகிவிடும். மூளை வேலை செய்வது நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

அறிகுறி: தோற்கிற பக்கம் செக் மேல் செக் கொடுத்துத் தப்பிக்கிறது

இது மேலே சொன்னதற்குத் தம்பி. பாலத்தில் ராஜா நிற்கும்போது எதிர் ராணி தூரத்தில் நின்று செக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ராஜா முன்னேயும் பின்னேயும் ஆடும். சாதாரணச் செஸ்ஸில் இது சமநிலை, யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் ராஜா வெளியே நடக்க வேண்டும் என்று நீங்களே விதி போட்டுவிட்டு நடக்கிற ராஜாவை இப்படிக் கட்டிப் போட விட்டால், நடப்பதே முட்டாள்தனம் என்று நாலு ஆட்டத்தில் எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். சீனச் செஸ்ஸில் முடிவில்லாமல் செக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜப்பானிய ஷோகியில் ஒரே நிலை நாலு முறை வந்தால் பொதுவாக வெற்றி தோல்வி இல்லை, ஆனால் அது தொடர் செக்கால் வந்திருந்தால் செக் கொடுத்தவர் தோற்றார். அந்த விதியை அப்படியே எடுத்துப் போடலாம், வேலை செய்யும்.

அறிகுறி: இரண்டு பேரும் "நான்தான் வென்றேன்" என்கிறார்கள்

காத்தான்குடியில் ஒரு போர்டைச் சுற்றிக் கூட்டம் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒருவர் ராஜாவை 8ஆம் வரிசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார். எதிரில் இருக்கிறவர் "நானா, அந்தக் கட்டத்த என்ட பிஷப் பாக்குது" என்கிறார். "நான் கரை சேந்திட்டன், மறுகா என்ன செக்?" என்று இவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தாளில் "தொட்டால் வெற்றி" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

இங்கே செய்ய வேண்டியது ஒரு முன்னுரிமை வரிசை. ஒரு நகர்வு நடந்ததும் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று எழுதிவிடுங்கள். முதலில், நகர்வு சட்டப்படி செல்லுமா. கிங் ஆஃப் த ஹில்லில் நடுக்கட்டத்தை எதிராளியின் காய் பார்த்துக்கொண்டிருந்தால் ராஜா அங்கே போகவே முடியாது, செல்லாத நகர்வு வெற்றியைக் கொண்டுவராது. அடுத்தது சிறப்பு வெற்றி. அதற்கடுத்தது செக்மேட். ஆகக் கடைசியில் நகர வழியில்லாமை. இந்த வரிசை இல்லாவிட்டால் வெள்ளை ராஜா கரை சேர்ந்த அதே நகர்வில் கறுப்புக்கு நகர இடமில்லாமல் போகிற நிலையில் வெற்றியா சமநிலையா என்று யாராலும் சொல்ல முடியாது. அபூர்வமான நிலைதான், ஆனால் போட்டி வைக்கிற அன்றைக்குத்தான் வந்து தொலைக்கும்.

வரிசை எல்லா வகைக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அட்டாமிக் செஸ்ஸில் ஒரு காயை வெட்டினால் சுற்றியுள்ள காய்களும், சிப்பாய்களைத் தவிர, சேர்ந்து வெடிக்கும், அங்கே உங்கள் ராஜாவுக்குச் செக் இருந்தாலும் எதிர் ராஜாவை வெடிக்க வைக்கலாம், நீங்கள் வென்றீர்கள். ஆனால் இரண்டு ராஜாவும் சேர்ந்து வெடிக்கிற நகர்வு செல்லாது. இருவரும் ஒரே நேரத்தில் வெல்வதற்கான கதவை அந்த ஒரு வரி அடைத்துவிட்டது. பழைய அரபு, பாரசீக ஷத்ரஞ்சில் எதிராளியின் ராஜாவைத் தவிர மற்றக் காய்களையெல்லாம் வெட்டிவிட்டாலே வெற்றி. அடுத்த நகர்விலேயே எதிராளி உங்களையும் அதே நிலைக்குக் கொண்டுவர முடிந்தால் பெரும்பாலான இடங்களில் அது சமநிலை. ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்களும் இதே சண்டையைப் பிடித்திருக்கிறார்கள் போல, இல்லாவிட்டால் இவ்வளவு நுணுக்கமாக ஒரு விதிவிலக்கு வந்திருக்காது.

பரிசோதிப்பது எப்படி? உங்கள் வெற்றி விதிகளையும் சமநிலை விதிகளையும் ஒரு தாளில் மேலிருந்து கீழும், அதையே இடமிருந்து வலமும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த இரண்டும் ஒரே நகர்வில் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு நிலையைப் போர்டில் உண்டாக்கப் பாருங்கள். உண்டாக்க முடியாவிட்டால் கோடு போட்டு விடுங்கள், முடிந்தால் பதில் எழுதுங்கள். பதில் எழுதும்போது நீங்கள் தயங்கினால் ஆடுகிறவர்கள் அடிபடுவார்கள்.

அறிகுறி: நகர வழியில்லாத நிலை அடிக்கடி வருகிறது

காய்களின் நகர்வைக் குறைக்கிற எந்த விதியும் இதைக் கூட்டும். வாவிச் செஸ்ஸில் பாலத்தில் நிற்கிற ராஜாவுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் கட்டங்கள் கிடையாது, டி4-இல் நின்றால் சி4, சி5 இரண்டும் போய்விடும், எட்டு வழி ஆறாகிறது. செக்மேட்டும் இலகு, ஸ்டேல்மேட்டும் (செக் இல்லாமலே நகர வழியில்லாத நிலை) இலகு. ஸ்டேல்மேட்டை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம்தான், உலகமே ஒத்துக்கொண்ட ஒரே பதில் கிடையாது: ஷத்ரஞ்சில் அதைச் செய்தவர் வென்றார், இங்கிலாந்தில் ஒரு காலத்தில் செய்தவர் தோற்றார், சீனச் செஸ்ஸில் நகர முடியாதவர் தோற்றார், காய்களை இழந்தால் வெற்றி என்கிற ஆன்டிசெஸ்ஸின் பரவலான விதியில் நகர முடியாதவர் வென்றார். எதையாவது ஒன்றைத் தெரிவு செய்து எழுதிவிடுங்கள்.

அறிகுறி: புது வெற்றி விதியை யாரும் பயன்படுத்துவதே இல்லை

"எதனால் முடிந்தது" நிரலைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை செக்மேட், செக்மேட், செக்மேட் என்று இருந்தால் நீங்கள் கண்டுபிடித்தது சாதாரணச் செஸ், டேப் ஒட்டிய போர்டில்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், புது வெற்றிக்குப் போகிற வழி பழைய தோல்விக்குப் போகிற வழியாக இருக்கிறது. ராணிகள் இருக்கும்போது ராஜாவை வெளியே நடக்க விடுவது தற்கொலை. ஆகவே யாரும் நடப்பதில்லை. ராணிகள் போன பிறகு நடந்தால் அது முடிவாட்டம், அங்கே எப்படியும் ராஜா நடக்கத்தான் செய்யும்.

ஆனால் அவசரப்பட்டு விதியை மாற்றாதீர்கள். ஆட்டத்தை முடிக்காத விதியும் ஆட்டத்தை வளைக்கலாம். எதிராளி கரை சேர்ந்துவிடுவான் என்ற பயத்தில் ஒருவர் கோட்டையைப் பாலத்தில் காவலுக்கு விட்டுவிட்டு வேறு பக்கம் செக்மேட்டில் தோற்றால், கொப்பியில் செக்மேட் என்றுதான் வரும், உண்மையில் தோற்கடித்தது பாலம். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி: அதே இருவர் அதே நிலையிலிருந்து ஒரு தடவை புது விதியோடும் ஒரு தடவை அது இல்லாமலும் ஆடட்டும். நகர்வுகள் மாறுகின்றனவா? மாறினால் விதி உயிரோடு இருக்கிறது. 2020-இல் கூகுளின் டீப்மைன்ட் நிறுவனமும் முன்னாள் உலகச் சம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கும் சேர்ந்து, தானே ஆடிப் பழகுகிற ஆல்ஃபாஸீரோ என்ற கணினிப் புரோகிராமை வைத்து ஒன்பது விதி மாற்றங்களை ஆராய்ந்தார்கள். ஸ்டேல்மேட்டை வெற்றியாக்குவது அதில் ஒன்று. தாளில் பெரிய மாற்றமாகத் தெரிகிற அந்த விதி ஆட்டத்தை அவ்வளவாக மாற்றவில்லை. கோட்டை கட்டுவதை (காஸ்லிங், ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) தடுத்தது அதைவிட அதிகமாக மாற்றியது, அது வெற்றி விதியே இல்லை. 2021-இல் டோர்ட்முண்டில் ஆனந்தும் கிராம்னிக்கும் கோட்டை கட்டாத செஸ்ஸில் மோதினார்கள், ஆனந்த் வென்றார்.

அறிகுறி: ஆட்டம் தொடங்கிய கையோடு முடிகிறது

ஆகக் குறைந்தது எத்தனை நகர்வில் வெல்லலாம் என்று எண்ணுங்கள், எதிராளியும் சேர்ந்து உதவி செய்கிறார் என்று வைத்துக்கொண்டு. சாதாரணச் செஸ்ஸில் கறுப்பு இரண்டாவது நகர்விலேயே மேட் செய்யலாம், ஆனால் வெள்ளை மடத்தனமாக எஃப், ஜி சிப்பாய்களைத் தள்ளினால்தான். கிங் ஆஃப் த ஹில்லில் ஒரு சிப்பாயும் மூன்று ராஜா நகர்வும், ஆக நாலு. வாவிச் செஸ்ஸில் ஒரு சிப்பாயும் ஏழு ராஜா நகர்வும், எட்டுக்குக் கீழே கரை சேர முடியாது. எண் சிறியது என்பது மட்டும் பிழை இல்லை. எதிராளி ஆபத்தைப் பார்த்த பிறகு தடுக்க ஒரு நகர்வாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அறிகுறி: வெள்ளையே வெல்கிறது

முதலில், உண்மையாகவே வெள்ளைதான் வெல்கிறதா என்று பாருங்கள். 20 ஆட்டத்தில் வெள்ளை 13 வென்றது என்று ஒருவர் பதறிக்கொண்டு வருவார். ஒரு காசை 20 தரம் சுண்டினால் 13 அல்லது அதற்கு மேல் தலை விழ நூற்றுக்கு 13 அளவில் வாய்ப்பு இருக்கிறது, அதாவது அது ஒன்றுமே இல்லை. 100 ஆட்டத்தில் 65 என்றால் நிலைமை வேறு, காசு அப்படி விழ ஆயிரத்துக்கு இரண்டு அளவில்தான் வாய்ப்பு. ஏறாவூரில் பத்து ஆட்டம் ஆடிவிட்டு விதியைத் திருத்தி, கல்முனையில் இன்னும் பத்து ஆடிவிட்டு அதைத் திரும்பப் பழையபடி ஆக்குகிற வேலை வேண்டாம். அதோடு சாதாரணச் செஸ்ஸிலேயே வெள்ளைக்குக் கொஞ்சம் மேல்கை உண்டு, அதை நீங்கள் உண்டாக்கவில்லை.

இரண்டு பேரும் நிறம் மாற்றி மாற்றி ஆட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் அண்ணன் எப்போதும் வெள்ளை, தம்பி எப்போதும் கறுப்பு என்று ஆடிவிட்டு வந்து விதியைக் குறை சொல்கிற வீடுகள் இருக்கின்றன.

உண்மையாகவே சாய்வு இருந்தால், ஓடிப்போய்ச் சேருகிற வகைகளில் அதற்குக் காரணம் முதல் நகர்வுதான். இரண்டு ராஜாவும் சம தூரத்தில் இருந்தால் முதலில் நகர்கிறவர் முதலில் சேருவார். ரேசிங் கிங்ஸ் என்ற வகையில் இதற்கு அழகான மருந்து வைத்திருக்கிறார்கள்: வெள்ளை ராஜா கடைசி வரிசைக்குப் போனபின் கறுப்புக்கு இன்னும் ஒரு நகர்வு உண்டு, அதில் கறுப்பும் சேர்ந்துவிட்டால் சமநிலை. வாவிச் செஸ்ஸுக்கு இதை அப்படியே போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு நகர்வில் கறுப்பு செக்மேட் செய்தால் என்ன ஆகும்? பார்த்தீர்களா, மேலே சொன்ன முன்னுரிமை வரிசைக்குத் திரும்பப் போய் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு விதியைத் தொட்டால் அந்தக் கட்டம் போட்ட தாளை முழுதாகத் திரும்பப் பாருங்கள்.

இன்னொரு மருந்து, ஒருவர் முதல் நகர்வை ஆட மற்றவர் எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரிவு செய்வது. முதல் நகர்வு மிகப் பலமாக இருந்தால் எதிராளி அதையே எடுத்துக்கொள்வார் என்பதால் ஆடுகிறவர் நடுத்தரமான நகர்வைத்தான் ஆடுவார். ஆட்டமே வெள்ளைக்குத் தீர்ந்துபோன வகைகளும் உண்டு. ஆன்டிசெஸ்ஸில் இ சிப்பாயை ஒரு கட்டம் தள்ளித் தொடங்கினால் வெள்ளை கட்டாயம் வெல்லும் என்று 2016-இல் மார்க் வாட்கின்ஸ் கணினியை வைத்து நிரூபித்தார். அதற்காக யாரும் அதை ஆடாமல் விடவில்லை, மனிதர்களால் அந்த முழு வழியையும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆகவே உங்கள் வகையில் கணினி வெள்ளைக்கு வெற்றி என்று சொன்னால் உடனே குப்பையில் போட வேண்டாம், சந்தியில் ஆடுகிறவன் அதைக் கண்டுபிடிப்பானா என்று கேளுங்கள்.

அறிகுறி: எஞ்சின் ஒன்று சொல்கிறது, போர்டு இன்னொன்று சொல்கிறது

ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்று ஒரு இலவச எஞ்சின் (செஸ் ஆடுகிற கணினிப் புரோகிராம்) இருக்கிறது, புது வகைகளுக்காகவே செய்தது. எந்தக் காய் எந்தக் கட்டங்களுக்குள் மட்டும் நகரலாம், எந்தக் காய் எங்கே போனால் வெற்றி, ஸ்டேல்மேட் யாருக்கு என்பதையெல்லாம் ஒரு கோப்பில் சில வரிகளில் எழுதிக் கொடுத்துவிடலாம், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வாவிச் செஸ்ஸை அதில் எழுத முடியும். இரவில் எஞ்சினைத் தன்னோடு தானே ஆட விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஒரு கொப்பி நிறைய ஆட்டம் இருக்கும், கரண்ட் போகாவிட்டால்.

ஆனால் எஞ்சின் ஆடுவது உங்கள் விதியைத்தானா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். தொடக்க நிலையிலிருந்து எத்தனை விதமாக ஆடலாம் என்று எஞ்சினை எண்ணச் சொல்லலாம், பேர்ஃப்ட் என்பார்கள். இருவரின் நகர்வையும் தனித்தனி அடியாக எண்ணினால் சாதாரணச் செஸ்ஸில் முதல் அடிக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நாலுக்கு 1,97,281, ஐந்துக்கு 48,65,609, ஆறுக்கு 11,90,60,324. வாவிச் செஸ்ஸில் ராஜா தண்ணீர்க் கரைக்கு வரவே வெள்ளைக்கு மூன்று நகர்வு வேண்டும், ஒரு சிப்பாய், இரண்டு ராஜா. நாலாவது நகர்வில்தான், அதாவது ஏழாவது அடியில்தான், வாவி தடுக்கத் தொடங்கும். ஆகவே ஆறாவது அடி வரை எண்கள் ஒரு இம்மியும் மாறக் கூடாது, ஏழாவதில் சாதாரணச் செஸ்ஸின் 319,59,01,860-ஐவிடக் குறைய வேண்டும். ஏழுக்கு முன்னமே மாறினால் தேவையில்லாத எதையோ தடுத்துவிட்டீர்கள், அநேகமாக ராஜாவுக்குப் போட்ட தடையை எல்லாக் காய்களுக்கும் போட்டிருப்பீர்கள். ஏழிலும் மாறாவிட்டால் நீங்கள் எழுதிய கோப்பையே அது படிக்கவில்லை. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், பார்க்காமல் ஓட விட்ட ஆயிரம் ஆட்டத்துக்கும் பெறுமதி கிடையாது.

எஞ்சின் ஆடிய ஆட்டங்களையும் அதே கொப்பி நிரலில் போடுங்கள். மனிதர்கள் ஆடினால் கரை சேர்தல் அதிகம், எஞ்சின் ஆடினால் சமநிலை அதிகம் என்றால் பாலம் இன்னும் ஒடுக்கமாகத்தான் இருக்கிறது, மனிதர்கள் பிழை விடுவதால் மட்டும்தான் தாண்டுகிறார்கள்.

அறிகுறி: நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆட முடியவில்லை

தாளை மட்டும் கொடுங்கள், வாயைத் திறக்காதீர்கள். டியூட்டரிக்கு வருகிற பிள்ளைகளில் செஸ் தெரிந்த, ஆனால் உங்கள் வகையைப் பார்த்திராத இரண்டு பேர் போதும். தூர இருந்து அவர்கள் எங்கே நிறுத்திப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். வாவிச் செஸ் தாளைக் கொடுத்தால் வருகிற முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "சி3-இலிருந்து குறுக்கால டி4-க்கு ஏறலாமா, இல்லாட்டி நேராத்தான் ஏறணுமா?" தாளில் பாலம் என்று மட்டும்தான் இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் என்று இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு பதிலை நினைத்துக்கொண்டு பத்து நகர்வு ஆடியிருப்பார்கள். அடுத்தது, பாலத்தில் நிற்கிற ராஜா பக்கத்துத் தண்ணீரில் நிற்கிற எதிர்க்காயை வெட்டலாமா? இறங்க முடியாது என்றால் வெட்டவும் முடியாது என்பது எழுதியவருக்குத் தெளிவு, படிக்கிறவருக்கு இல்லை. கோட்டை கட்டலாமா, கட்டிய பிறகு ராஜா நடக்கலாமா என்றும் கேட்பார்கள், சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்ட கேள்விக்கெல்லாம் தாளில் ஒரு வரி சேர்த்து, அதை இன்னும் இரண்டு புது ஆட்களிடம் கொடுங்கள். கேள்வி வராத தாள்தான் போட்டிக்குப் போகலாம். திருத்திய தாளின் தலையில் மறக்காமல் திகதி போடுங்கள், இரண்டு கட்டப் பாலத்துத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் ஆடுகிறவர்கள் ஆரையம்பதியிலும் இருப்பார்கள், அக்கரைப்பற்றிலும் இருப்பார்கள்.